துக்கமும் பன்றிக்கொழுப்பும்

நாற்பதுகளின் நடுவில், மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் ஒரு ஜெர்மன் யூதப் பெண் குடியிருந்தாள். சொந்த ஊரில் உயிர் தங்காது என்று கப்பலேறி வந்தவள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அவளுடைய ஆங்கிலத்துக்கு என்னுடையது சளைத்ததல்ல, இரண்டுமே நொண்டும்.

அந்த வருஷம் என் முதல் குழந்தை ஜுரத்தில் போய்விட்டது. அந்தப் பேச்சை எடுத்தாலே மாமியார் அடக்கிவிடுவார். பழையதைக் கிளறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேசத் திறக்காத வாயை நான் தின்னத் திறந்தேன். பாலக்காட்டிலிருந்து வரும் நேந்திரங்காய் வறுவல் டின் என் கைக்குத் தப்பவே தப்பாது. ரவிக்கைகள் ஒவ்வொன்றாக இறுகிப்போயின. எங்கள் ஜனங்களுக்கோ, சதை போட்டால் சந்தோஷம் என்று கணக்கு.

“உடம்பு நன்னாத் தேறிடுத்து. மனசும் ஆறிடுத்து,” என்று மாமியார் கட்டிடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? கணவர் ஆபீஸ், லோக்கல் ரயில், பேப்பர் என்று இருந்தார்.

புது ரவிக்கைக்கு அளவு கொடுக்க மாடிக்குப் போனேன். என் கையில் டேப்பைச் சுற்றியவள் மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாள்: கும்மர்ஷ்பெக். கும்மர் என்றால் துக்கம், ஷ்பெக் என்றால் பன்றிக்கொழுப்பு. துக்கத்தில் தின்று போடும் சதைக்கு அவர்கள் பேச்சுவழக்கில் அதுதான் பெயராம். ரயில் பெட்டிகளைப் போல வார்த்தைகளைக் கோத்துவிடுகிற ஜனங்கள். பன்றி என்றதும் நான் முகத்தைச் சுளித்தேன். யூதர்கள் என்பதால் தங்கள் வீட்டிலும் அதைத் தொடமாட்டார்கள், சொல்லை மட்டும் விடவில்லை என்றாள்.

இதை முதலில் யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு அதுதான் குடைந்தது. கசாப்புக்காரன் மனைவியா, தையற்காரியா? அவளுக்கும் தெரியவில்லை. துக்கம் நடந்த சில மாதத்தில் பழைய பாவாடை இடுப்பில் ஏறாமல் போக, யாரோ ஒருத்தி கண்ணாடி முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்று ஊகித்தாள். வெறும் துக்கம் என்றால் எல்லோரும் நழுவிவிடுவார்கள், கொழுப்பையும் சேர்த்துச் சொன்னால் நின்று கேட்பார்கள் என்றாள். ஊரில் விட்டுவந்த தன் அக்காவைப் பற்றித் தகவலே இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னாள். அவள் இடுப்பும் பருத்துத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் அந்தச் சொல்லையும் அதன் அர்த்தத்தையும் சொன்னேன். யார் வாயில் பிறந்த வார்த்தையோ தெரியாது, என் மேலே இருப்பது அதுதான் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்தார்.

“நானும் இடுப்புக்குப் பத்தாம பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கேன். நீ பாக்கலை,” என்றார்.

நான் பார்க்கவேயில்லை. குழந்தை போனபின் அன்றுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம்.