நாற்பத்து மூன்றாவது வரி

இதை இட்டுக்கட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் சிநேகிதன் இருதயராஜ் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான். பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மண்டு அவன். சந்தேகப்படுகிறவர்கள் தாராளமாகப் படுங்கள். நடந்தது 1988, ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டப்பகல்.

ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடும் டேனரி ஒன்று. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கென்று ஒரு ஏசி ரூம் கட்டி, அதற்குள் இருதயராஜை உட்கார வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றி, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று சட்டம். தோல் வேலைக்காரர்கள் யார் அந்தப் பாடு படுவார்கள்? மூன்று மாதமாக ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. லாட்ஜிலும் தனி, சாப்பாட்டு மேஜையிலும் தனி. பேச்சே மறந்துவிடுமோ என்று பயந்துபோயிருந்தான், பாவம்.

மறுநாள் மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து வருகைப்பதிவு புரோகிராமைப் பார்க்கப் போகிறார். அவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

புரோகிராமை எழுதியவர் அவனுக்கு முன்னால் அங்கே இருந்த சுந்தரமூர்த்தி. ஓடும், ஆனால் பார்க்கச் சகிக்காது. ஒரு வரி இங்கே தொடங்கும், அடுத்தது எங்கேயோ போய் நிற்கும். தொழிலாளிகள் காலையில் வாசலில் பித்தளை டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அந்த டோக்கன் எண் வரிசையில் எல்லார் பெயரையும் புரோகிராமுக்குள்ளேயே அடித்து வைத்திருந்தார் மனிதர். கடைசியில், 118இல், இருதயராஜ் தன் பெயரைச் சேர்த்திருந்தான்.

மெட்ராஸ் தோஸ்த் ஒருவன் ஒரு ஃபிளாப்பி கொடுத்திருந்தான். அதிலிருந்ததை ஓடவிட்டால் போதும். கோணல்மாணலான வரிகளைத் தானே நேராக்கிவிடும். வேண்டாத காலி வரிகளை எடுத்துவிடும்.

மணி 12.50. தோல் ஊறும் டிரம்கள் நின்றுவிட்டன. ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள், மற்றவர்கள் சாப்பிடக் கலைந்துவிட்டார்கள். இருதயராஜ் மட்டும் இருந்தான்.

“யாராச்சும் பக்கத்துல வந்து உக்காந்தா தேவல” என்று வாய்விட்டே சொன்னான். சொல்லிவிட்டு ஃபிளாப்பியைப் போட்டான்.

கர்ர்ர்… கர்ர்ர்…

திரையில் கணக்கு வந்தது. நேராக்கிய வரிகள் 1,316. நீக்கிய காலி வரி 1.

புரோகிராமை முன்பு அச்சடித்து வைத்திருந்த பழைய தாளில் தேடிப் பார்த்தான். 42க்கும் 44க்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருந்திருக்கிறது. 43 என்ற எண்ணே பட்டியலில் இல்லை. யாரோ வேலையை விட்டுப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

12.58. சரிபார்க்க இன்னொரு தடவை ஓடவிட்டான். எல்லாம்தான் நேராகிவிட்டதே, இனி செய்ய என்ன இருக்கிறது?

நேராக்கிய வரிகள் 0. நீக்கிய காலி வரி 1.

அதே இடம். 42க்கும் 44க்கும் நடுவில்.

“இன்னாடா இது பேஜாரு” என்று முணுமுணுத்தான்.

1.04. மூன்றாம் தடவை. மறுபடியும் 1.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. கதவு சாத்தித்தான் இருந்தது.

1.09. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தான்.

டக்.

விசைப்பலகையில் ஒரு விசை தானே இறங்கி ஏறியது. 44 ஒரு வரி கீழே போனது.

இருதயராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். ஆனாலும் மறுநாளை நினைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நான்காம் தடவை ஓடவிட்டான். 42உம் 44உம் ஒட்டிக்கொண்டன. ஒரு நிமிடம்… இரண்டு நிமிடம்… ஒட்டியே இருந்தன.

அப்பாடா என்று மூச்சு விட்டான்.

டக்.

42, 44 நகரவில்லை. பின்னே எது?

கீழே போனான். 60… 90… 117…

118. இருதயராஜ்.

அவன் பெயருக்குக் கீழே… ஒரு வரி காலி.

பக்கத்திலிருந்த காலி நாற்காலி மெல்ல… கிரீச்சிட்டது.

மணி 1.13.

ஓடினான். செருப்பைக்கூட மாட்டவில்லை.

ஜும்மா முடிந்து டைம் கீப்பர் சர்தார் பாஷா திரும்பி வரும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். அவர்தான் டோக்கன் கொடுப்பவர்.

“பாய், நாப்பத்தி மூணு யாரு?”

அவர் தொப்பியைக் கழற்றினார். “வீரபாகு. தோல் ஊறப்போடுற சுண்ணாம்புக் குழியில விழுந்து செத்துப்போய்ட்டான். அந்த டோக்கனை யாருக்கும் தர்றதில்ல. சுந்தரமூர்த்தி சார்கிட்ட சொல்லி அவனுக்குன்னு ஒரு வரி உட வெச்சேன்.”

“நான் அதை எடுத்துட்டேன் பாய்.”

“இருந்த எடத்தையும் எடுத்துட்டியா?” அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “தனியா இருக்கவே பயப்படுவான், தம்பி. பக்கத்துல ஆள் இருந்தாத்தான் குழிக்கிட்டயே போவான். அன்னிக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரும் அவனை உட்டுட்டுப் போய்ட்டோம்.”

சனிக்கிழமை இன்ஜினியர் வந்தபோது இருதயராஜ் அங்கே இல்லை. நிரந்தர வேலை கைக்கு வந்து நழுவிப் போனது.

இரண்டு வாரம் கழித்து ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் சின்ன வேலை கிடைத்தது. கம்ப்யூட்டரே இல்லாத ஆபீஸ், அதுவே அவனுக்கு நிம்மதி. முதல் நாள் காலை 9.05. கிளார்க் செல்லம்மாள் பெரிய ரிஜிஸ்டரில் அவன் பெயரை எழுதினார். அடுத்த வரியை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இன்னொருத்தர் பெயரை எழுதப் போனார்.

“ஏன் மேடம் ஒரு வரி உட்டுட்டீங்க?”

செல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவனை அல்ல… அவனுக்குப் பக்கத்தில்.

“உங்ககூட வந்தவரு பேரு இன்னும் சொல்லலையே.”