ஓட்டப் பையிலிருந்து நான் எடுத்த பிஸ்கட்

1. போன செவ்வாய் காலை எட்டு மணிக்கு வாப்பா தன் சீனி வருத்தத்துக்கான (நீரிழிவு) குளிசையைப் போட்டார்.
2. நெய்யில் பொரித்த முட்டை இரண்டு சாப்பிட்டார். இடியப்பம் இல்லை, பேக்கரிப் பாண் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை.
3. பத்தரை மணிக்கு எங்கள் கடற்கரை வீதியால் "கடல் வருது, ஓடுங்க" என்று ஒரு சத்தம் வந்தது.
4. ஓடினோம்.
5. கடல் வரவில்லை.
6. அன்றைக்கு வாப்பாவைக் கொண்டுபோகப் பார்த்தது கடல் அல்ல — நான் போட்ட ஒரு பட்டியல்.

ஐந்தாவது வரியோடு முடிந்திருந்தால் இந்த வாரம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன்.

என் பட்டியல் பைத்தியம் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். டெக்னிக்கல் கொலிஜில் நான் படித்ததே அது. ஒரு வீட்டுப் பிளானைக் கொடுத்தால் எத்தனை கல், எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கதவுப் பிணைச்சல் என்று எழுதித் தருவேன். சுனாமிக்குப் பிறகு கல்முனையில் இந்த வேலைக்குக் குறைவில்லை.

வீட்டிலும் ஒரு பட்டியல் உண்டு. அது ஓட்டப் பைக்கு. கடல் எழும்பினால் தூக்கிக்கொண்டு ஓட, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற பை. அடையாள அட்டைகள், காணி உறுதிப் பத்திரம், டோர்ச், தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் இரண்டு பக்கெட், குளுக்கோஸ் ஒன்று. மாதத்தின் முதல் வெள்ளி எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்து டிக் போடுவேன். எங்கள் வீதியில் பை இல்லாத வீடு இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன்னர் கத்தாரில் வேலை செய்கிற என் மூத்த சகோதரன், காக்கா, போன் எடுத்தார். சோறு, மா, சீனி மூன்றையும் நிற்பாட்டி, இறைச்சி, முட்டை, நெய், தேங்காய்ப்பால் என்று கொழுப்பைக் கூட்டினால் சீனி வருத்தம் இறங்குமாம். அவருடைய கேம்பில் பாதிப் பேர் அதில்தானாம். இன்டர்நெட்டில் எடுத்ததையும் ஈமெயிலில் அனுப்பினார்.

வாப்பாவுக்கு மாவடிப்பள்ளியில் ஐந்து ஏக்கர் வயல்.

"வயலும் என்ட, நெல்லும் என்ட. சோறு மட்டும் ஊராக்களுக்கா?" என்றார்.

"சும்மா கதைக்காம இரிங்க. பொடியன் உங்கட நன்மைக்குத்தான் சொல்றான்," என்றார் உம்மா. அரிசிச் சாக்கு மாமி வீட்டுக்குப் போனது. சீனி டின் போனது. பேரீச்சம்பழமும் போனது.

நான்? பட்டியல் போட்டேன். வீட்டில் மாவும் சீனியும் உள்ள பொருட்கள் எல்லாம் வரிசையாக. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஓட்டப் பையிலிருந்த பிஸ்கட்டையும் குளுக்கோஸையும் எடுத்துவிட்டு, வறுத்த கச்சான் கடலையும் தேங்காய்ச் சொட்டும் கட்டி வைத்தேன். ஓடுகிற நாளிலும் வாப்பா டயட்டை உடைக்கக்கூடாதே…

காக்கா அனுப்பிய, இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷினில் ஒவ்வொரு காலையும் விரலில் குத்திப் பார்த்தோம். எண் இறங்கியது. மறுநாள் இன்னும் இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு டிக். வாப்பாகூட, "ஓம் மகள், உடம்பு லேசாத்தான் இரிக்கு," என்றார்.

செவ்வாய்க்கிழமை மூவரும் மேற்கே ஓடினோம். நற்பிட்டிமுனைப் பாதை. போன வருஷம்வரை, யுத்தம் முடிகிற மட்டும், எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் தேவையில்லாமல் கால் வைக்காத, தமிழ் ஆட்கள் இருக்கிற பாதை. அன்றைக்கு அது நிரம்பி வழிந்தது — பிள்ளைகள், மோட்டார்சைக்கிள்கள், கோழிக்கூடு தூக்கிய ஒருவர்.

வயல்வெளி தொடங்குகிற இடத்தில் வாப்பா நின்றார். சேர்ட் முழுக்க வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, இல்லாமல் போன என் மூத்த சகோதரி ராத்தாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாக்கு குழறியது. பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

மோட்டார்சைக்கிளில் போன ஒருவன், "பகலிலேயே போட்டாச்சா காக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். சாராயம் தொடாத, தொழுகை தவறாத மனிதர். உம்மா முந்தானையால் அவர் முகத்தை மறைத்தார்.

ஹார்ட் என்றுதான் நினைத்தேன். பையைத் திறந்தேன். கச்சான். தேங்காய்ச் சொட்டு. காணி உறுதி.

முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா படலையைத் திறந்து வந்தார். வாப்பாவின் நெற்றியில் கை வைத்தார்.

"காக்காவுக்கு சீனி வருத்தமா புள்ள?"

"ஓம்."

"காலையில என்ன சாப்பிட்டவர்?"

"முட்டை."

"சோறு, புட்டு?"

"அதெல்லாம் விட்டுட்டம்."

"குளிசை?"

"போட்டவர்."

"சீனியக் குறைக்கிற குளிசை… குறைக்கச் சீனி எங்க புள்ள இரிக்கு?" அவர் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பையோடு வந்தார். ஆறிய தேத்தண்ணி. அடியில் கரையாத சீனி விரல் கனத்துக்கு. கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். வாப்பா விழுங்கினார். அந்தக் கால் மணித்தியாலம் நான் எதையும் எண்ணவில்லை.

பிறகு வாப்பா கண்ணைத் திறந்து என் சொந்தப் பெயரைச் சொன்னார். "கடல் வந்துட்டா?"

"இல்ல வாப்பா."

"அப்ப என்னத்துக்கு எல்லாரும் அழுகிற?"

ஆஸ்பத்திரி டொக்டரிடம் என் பட்டியலை நீட்டினேன். வரி வரியாகப் படித்தார். "எல்லாம் எழுதியிருக்கீங்க தங்கச்சி. சாப்பாட்டை மாத்துறதுக்கு முதல் டொக்டரிட்டக் கேட்கணும் எண்டு மட்டும் எழுதல்ல," என்றார். டயட்டைத் திட்டவில்லை. அதே குளிசையை அதே அளவில் விட்டதற்குத்தான் திட்டினார்.

நான் யோசிப்பது இதுதான். சுனாமி அன்று முதல் அலை திரும்பியதும் கடல் வெகுதூரம் உள்ளே இழுபட்டது. தரை தெரிந்தது. என்ன அழகு என்று பார்க்கப் போனவர்களில் ராத்தாவும் ஒருத்தி. இறங்குவது எல்லாம் நல்லதற்கு அல்ல என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தும், மெஷினில் எண் இறங்க இறங்க நானும் பார்த்து ரசித்துக்கொண்டுதானே நின்றேன்?

இன்றைய நிலவரம். குளிசை பாதியாகக் குறைந்திருக்கிறது, டொக்டரின் கையெழுத்தில். பகலுக்கு ஒரு கோப்பைச் சோறு. பையில் குளுக்கோஸ் இரண்டு பக்கெட், வாப்பாவின் சேர்ட் பையில் டொபி நான்கு. வாப்பா வயலுக்குப் போயிருக்கிறார். இன்று காலை மெஷின் நேற்றையதைவிடக் குறைவாகக் காட்டியது.

நான் இன்னும் டிக் போடவில்லை.