வெட்டிய நாற்பது விநாடி

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது எனக்கு நடந்தது. 2007இல், புனே நிக்டியில், எங்கள் வீட்டு ஹாலில். அதுவும் பட்டப்பகலில்.

அம்மா இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கோவிந்தராஜன் கடைசிவரை வரவில்லை. லீவு இல்லையாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அம்மா அவனுக்காகப் பேசியதை, அவன் வாங்கி அனுப்பிய கேமராவிலேயே படம் பிடித்து வைத்திருந்தேன். கேமரா அனுப்ப மட்டும் மகராசனுக்கு நேரம் இருந்தது.

"நெட்டுல ஏத்தி உடு. ஃபிரண்ட்ஸுங்க பாக்கணும்ங்கறாங்க. கடைசில அம்மா அழுகுதுன்னியே, அது மட்டும் வேண்டாம், வெட்டீரு" என்றான் போனில்.

அந்த அழுகையில்தான் அம்மா கேட்டிருந்தாள். "ஒருக்கா வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ கண்ணு." நாற்பது விநாடி. வயிறு எரிய எரிய வெட்டினேன்.

மீதி ஒன்பது நிமிடம் இருபது விநாடி. வீடியோ ஏற்றும் அந்த இணையதளம் பத்து நிமிடத்துக்கு மேல், நூறு எம்பிக்கு மேல் ஏற்காது. வெட்டியதைத் தனி ஃபைலாக எக்ஸ்போர்ட் போட்டேன். வந்த ஃபைல்... சரியாகப் பத்து நிமிடம்.

அமெரிக்கக் கேமரா, விநாடிக்கு முப்பது பிரேம். நான் நம் ஊர் வழக்கப்படி இருபத்தைந்து என்று வைத்திருந்தேன். அதனால்தான் இழுக்கிறது என்று தலையில் குட்டிக்கொண்டு மாற்றினேன்.

மறுபடியும் பத்து நிமிடம்.

படத்தின் அளவைச் சுருக்கினேன். தரத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கினேன். ஓட்டிப் பார்த்தேன். கட்டில், சலைன் பாட்டில், அம்மாவின் முகம், எல்லாம் கட்டம் கட்டமாக மங்கித் தெரிந்தன.

ஒன்பது இருபது தாண்டியதும்... முகம் தெளிந்தது. இமை முடிகூடத் தெரிந்தது.

நான் வெட்டிய அதே துண்டு.

ஒலியை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். வெறும் ஊமைப் படம். ஓட்டினேன்.

ஸ்பீக்கரில் 'டக்' என்றது.

"ஒருக்கா வந்து..."

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன்.

குரல் நிற்கவில்லை...

பயத்தோடு கோபமும் வந்தது. கேட்க வேண்டியவன் அங்கே இருக்க, நான் ஏன் இங்கே நடுங்க வேண்டும்? அந்த ஃபைலையே ஏற்றத் தொடங்கினேன்.

அறுபத்திரண்டு சதவீதத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. அன்று வியாழக்கிழமை. எங்கள் பக்கம் வியாழன்தோறும் கரண்ட் போகும். துக்கத்தில் கிழமையே மறந்துபோயிருந்தது. ஒருவகையில் நிம்மதி. ஏறாத வீடியோவை யாரும் பார்க்க முடியாது.

கரண்ட் வருவதற்கு முன்பே போன் அடித்தது. அண்ணன்.

"ஏன்டா வெட்டாம ஏத்துன?"

"எதை?"

"வீடியோவத்தான். இப்பத்தான் பாத்தேன். அம்மா... அந்த அரக்குச் சேலைல..."

படம் பிடித்தபோது அம்மா ஆஸ்பத்திரி நைட்டியில் இருந்தாள். அரக்குச் சேலை, உயிர் போன பிறகு நாங்கள் உடுத்திவிட்டது. அதோடுதான் எரித்தோம். அதைப் பற்றி அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"அம்மா என்ன சொல்லுச்சு?" என்றேன்.

அண்ணன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

"'நீ வர வேண்டாங் கண்ணு... நானே வந்துட்டேன்'னு சொல்லுச்சுடா."