கொண்டைக்கு மேலே ஜிபிஎஸ்

யசோதரா நீச்சல் கற்றுக்கொண்டபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு விடாமல் படுத்திய இடுப்பு வலிக்கு டாக்டர் சொன்ன வைத்தியம் அது. வீடு வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடி. வேலை ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாநகராட்சி நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்துக்கு ஆறு மாதம் போனாள். வலி போயிற்று, நீச்சல் ஆசை போகவில்லை. நாலு கை வீசுவதற்குள் சுவர் வந்து வழிமறிப்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"கடல்ல சுவரு கெடையாது," என்றான் அவள் கணவன் அறிவு. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். விளையாட்டாகத்தான் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவனை நெட்டுக்குப்பத்துக்கு இழுத்துப்போனாள். அங்கே அவன் தோஸ்து துரை ஃபைபர் படகு வைத்திருந்தான். அவள் நீந்த, பத்தடி தள்ளிப் படகு கூடவே வந்தது. இரண்டு வருடத்தில் நெட்டுக்குப்பத்தில் இறங்கித் திருவொற்றியூரில் கரையேறும் அளவுக்கு வந்துவிட்டாள். எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாது. குத்துமதிப்பாக அறிவு எட்டு என்பான், துரை பத்து என்பான்.

2007 ஜனவரியில் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. ஏதோ ஒரு நீச்சல் கிளப் பிப்ரவரி கடைசியில் எட்டு கிலோமீட்டர் கடல் நீச்சல் நடத்துகிறது. ஏற்கெனவே கடலில் ஆறு கிலோமீட்டர் நிற்காமல் நீந்தியதற்கு அத்தாட்சி வேண்டும். யசோதரா போன் செய்தாள்.

"உங்க கோச் யாரும்மா?"

"கோச்சுலாம் இல்ல சார். வூட்டுக்காரரும் போட்டுக்காரரும்தான்."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். ஆனால் மரியாதையாகவே ஒரு வழி சொன்னார்கள்: ஜிபிஎஸ் பதிவு இருந்தால் போதும்.

ஜிபிஎஸ் என்றதும் அவளுக்கு பெர்சிஸ் ஞாபகம் வந்தாள். தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம். காசிமேட்டில் விசைப்படகுகளுக்குக் கயிறு, மிதவை, ஜிபிஎஸ் விற்கும் கடையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். நீச்சல் குளத்துக்கு மூன்று நாள் வந்து, மூக்கில் தண்ணீர் ஏறியதோடு நிறுத்திக்கொண்டவள். அவள் தம்பி டென்னிஸ் துபாயிலிருந்து ஓட்டப் பயிற்சிக்காரர்கள் கட்டும் கைக்கடிகார ஜிபிஎஸ் ஒன்றை அனுப்பியிருந்தான். அது பெட்டியிலேயே கிடந்தது.

"எடுத்துட்டுப் போங்கக்கா. இந்தக் கடையில ஓடுறதுக்கு யாரு இருக்கா?"

முதல் ஞாயிறு மணிக்கட்டில் கட்டிக்கொண்டு நீந்தினாள். ஒன்பது கிலோமீட்டர் காட்டியது. திங்கட்கிழமை காலைக்குள் அறிவு அந்த ஒன்பதை மாடி மாடியாகச் சொல்லி முடித்திருந்தான். மாலையில் பெர்சிஸ் அதைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். போன வழி திரையில் கோடாக விழுந்தது. கோணல் மாணலாக ஓடி, ஓரிடத்தில் கடலை விட்டேறி, ரோட்டைத் தாண்டி, மறுபடியும் கடலுக்குள் குதித்தது.

"இன்னாடி இது? நடுவுல டீ குடிக்கப் போன மாரி கீது," என்றாள் யசோதரா.

"நீங்க கை வீசும்போதெல்லாம் இது தண்ணிக்குள்ள போயிருதுல்லா? வானத்தப் பாத்தாத்தான் இதுக்கு சிக்னல் கெடைக்கும். விட்டு விட்டுப் புடிக்கதுனால இல்லாத தூரமெல்லாம் சேந்திருக்கு."

அடுத்த வாரம் இடுப்பில் கட்டினாள். அது முழு நேரமும் தண்ணீருக்குள் இருந்து மூன்றே மூன்று புள்ளிகளைக் கொடுத்தது. அதற்கடுத்த வாரம் துரை படகிலேயே வைத்துக்கொண்டான். கோடு அழகாக வந்தது.

"ஆனா இது போட்டோட கோடுக்கா," என்றாள் பெர்சிஸ். "துரையண்ணன் நடுவுல யாரு வலையையோ பாக்கப் போயி ஒரு சுத்து சுத்தியிருக்காரு பாருங்க."

அன்று இரவுச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கியபடியே யசோதரா யோசித்தாள். நீந்தும்போது தன் உடம்பில் எது எப்போதும் வானத்தைப் பார்க்கிறது? முகம் தண்ணீரில். கையும் காலும் உள்ளே வெளியே. சட்டென்று கத்தியை வைத்துவிட்டுப் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். கடிகாரத்தைப் பாலிதீன் உறையில் சுற்றி, முகப்பு மேலே பார்க்கும்படி கொண்டைக்கு மேல் வைத்து, நீச்சல் தொப்பியை அதன் மேல் இழுத்துவிட்டாள். தலையை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

அறிவு வாசலில் நின்று பார்த்தான். "பூ வெக்கிற எடத்துல கடியாரம் வெச்சிகினு கீறியே!"

"நீ பூ வாங்கியாந்து எத்தினி நாளாச்சி?"

நாலாவது ஞாயிறு கோடு நூல் பிடித்தாற்போல் வந்தது. தூரம்: ஐந்து புள்ளி ஏழு.

கூட வந்திருந்த அறிவும் கடைத் திரையைக் குனிந்து பார்த்தான். ஆறுகூட இல்லை.

"அந்த ஒம்போத அனுப்பிடு," என்றான் அறிவு. "மிஷினு காட்னதுதானே? நம்ம கையால எழுதுனதா?"

"பொய்யின்னு தெரிஞ்சிகினே எப்பிடி அனுப்புறது? எட்டு கிலோமீட்டர் நாந்தானே நீந்தணும்? நடுக்கடல்ல மூச்சு வாங்குனா இந்தக் காயிதமா வந்து தூக்கும்?"

பெர்சிஸ் கடிகாரத்தை மறுபடியும் சார்ஜில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளும் படகில் ஏறினாள். யசோதரா கொண்டைக்கு மேல் கடிகாரத்தோடு இறங்கினாள். அனல்மின் நிலையத்துத் தண்ணீர் கலக்குமிடத்தில் கடல் வெதுவெதுப்பாக இருந்தது; அதைத் தாண்டியதும் குளிர் சுருக்கென்றது. வழக்கமாகக் கரையேறும் திருவொற்றியூர்ப் பாறைகள் தெரிந்தபோது தோள்கள் கெஞ்சின. வலப்பக்கம் கரை, அங்கே இட்லிக் கடை. அவள் திரும்பவில்லை.

"யக்கா, இன்னும் கொஞ்சந்தான்! வுட்டுடாத!" என்று துரை கத்தினான். பெர்சிஸ் அலைக்கு பயந்து படகின் விளிம்பைப் பிடித்தபடி சின்ன வயதில் சர்ச்சில் கற்ற ஞாயிறு பள்ளிப் பாட்டுகளை உரக்கப் பாடினாள். யசோதரா கரையேறியது அதற்குமுன் ஒருநாளும் ஏறாத இடத்தில், வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே.

ஆறு புள்ளி மூன்று.

கிளப் சேர்த்துக்கொண்டது. பிப்ரவரிப் போட்டியில் நாற்பத்திரண்டு பேர் நீந்தினார்கள். பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். புறப்படும் இடத்தில் அவள் தொப்பியின் புடைப்பைப் பார்த்து ஒரு பெண் என்னவென்று கேட்டாள். யசோதரா காரணத்தைச் சொன்னாள். அந்தப் பெண் தன் மணிக்கட்டிலிருந்ததைக் கழற்றித் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

யசோதரா இருபத்தாறாவதாக வந்தாள். கரையேறினாள். அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். அறிவு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சின்னவள் அம்மாவின் கன்னத்தை நக்கிப் பார்த்து, "உப்பு!" என்று முகத்தைச் சுளித்தாள். யசோதரா வாய்விட்டுச் சிரித்தாள். ஓர் அலை வந்து நாலு பேரையும் நனைத்துவிட்டுப் போனது. அறிவு சட்டைப் பையைத் தடவி, "ஐயோ, செல்போனு!" என்றான். அதற்கும் சிரித்தாள்.