ஒரு பக்கம் மட்டும் ஓடிய வைப்பர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கையைப் பிடித்து உட்கார வைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் இது நடந்தது. நடுச்சாமத்திலோ சுடுகாட்டு ஓரத்திலோ நடந்த கதை இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், இரண்டு முப்பத்தைந்துக்கு ஆரம்பித்து மூன்று நாற்பத்தேழுக்கு முடிந்தது. நேரத்தை நான் சும்மா சொல்லவில்லை. போலீஸ் எழுதி வைத்திருக்கிறது.

நடந்தது எனக்கு இல்லை. என் டயர் கடையை ஒட்டிய ஷெட்டில் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறாரே, அவருக்கு. ஊர் முழுக்க அவருக்குக் 'கரண்ட்' என்றுதான் பெயர். பொய்யே பேசாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். 'நாளைக்கு ரெடியாயிடும்' என்று தினமும் பத்துப் பேரிடம் கூசாமல் சொல்கிறவர்தான். ஆனால் இதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு யாராலும் பொய் சொல்ல முடியாது.

அன்று காலையிலிருந்தே மழை. இரண்டு முப்பத்தைந்துக்கு ஒரு பழைய கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கரண்டின் தங்கை புருஷன். கரண்ட் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் தங்கை. இருவரும் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஹாஸ்டலில் இருக்கும் மகளைக் கூட்டிவரக் கிளம்பியவர்கள். வீட்டை விட்டு வந்த கொஞ்ச தூரத்திலேயே வைப்பர் நின்றுவிட்டது. அண்ணனிடம் காட்டாமல் நகர மாட்டேன் என்று தங்கைதான் அடம்பிடித்து வண்டியைத் திருப்ப வைத்திருக்கிறாள்.

அந்தக் கார் மாப்பிள்ளையுடையது அல்ல. அவருடைய அண்ணனுடையது. வீட்டில் அவரைப் பெரியவர் என்பார்கள். கல்யாணம் ஆகாதவர். தம்பியும் அவரும் சேர்ந்து பார்சல் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் இதே மாதிரி ஒரு மழையில், ஓரமாக நின்ற லாரியின் பின்னால் கொண்டுபோய் மோதினார். ஸ்டீயரிங் நெஞ்சில் இறங்கி, அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. ஆபீஸ் தம்பி கைக்கு வந்தது. காரும் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, தம்பி கைக்கே வந்தது.

"பிளேடு மட்டும் மாத்திக் குடுங்க மச்சான். உள்ள எல்லாம் கை வைக்க வேணாம். நேரமாவுது" என்றார் மாப்பிள்ளை.

"பிளேடு என்ன பண்ணும் மாப்பிள்ளை? கையே அசைய மாட்டேங்குது. செருப்பு தேஞ்சதுக்கா மனுஷன் நடக்காம நிப்பான்?"

தங்கை சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

கரண்ட் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார். நன்றாக இருந்தது. எர்த் ஒயரைச் சுரண்டி மாட்டினார். அதிலும் குறை இல்லை. இனி மோட்டாருக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. ஓர் ஆளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஸ்விட்சைப் போடச் சொல்லுவார். தான் பானெட்டைத் திறந்து மோட்டாருக்குப் போகும் ஒயரில் டெஸ்ட் லைட்டைப் பிடிப்பார். எரிந்தால் கோளாறு மோட்டாரில். எரியாவிட்டால் கோளாறு உள்ளே. வேலை அவ்வளவுதான்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஸ்விட்சைப் போட்டார். லைட் எரியவில்லை.

அவருக்கு போன் வந்தது. இறங்கிப் போனார். தங்கை ஏறி உட்கார்ந்து, "நான் போடட்டாண்ணே?" என்றாள். போட்டாள்.

லைட் பளிச்சென்று எரிந்தது.

ஒயரை மோட்டாரில் திரும்ப மாட்டினார். இரண்டு வைப்பரும் ஜம்மென்று ஓடின. சரி, தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்தார். மாப்பிள்ளை திரும்பி வந்து உட்கார்ந்தார். வைப்பர்கள் பாதியில் நின்றன.

தங்கை உட்கார்ந்தால் ஓடியது. மாப்பிள்ளை உட்கார்ந்தால் நின்றது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறவர். ஆள் பார்த்து ஓடுகிற கரண்டை அதுவரை பார்த்ததில்லை.

"ஆள் கனத்துக்கு ஒயர் எங்கேயோ இழுபடுது போல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மூன்று ஐந்து. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர்க் கட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் தட்டியது. ஒட்டுப் போட்ட இடம்.

எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் கறுப்பு டேப்தான் சுற்றுவான். இங்கே சுற்றியிருந்தது பழுப்பு நிற டேப். அட்டைப்பெட்டி ஒட்டுகிற பார்சல் டேப்.

பிரித்தார். உள்ளே ஒயர் சும்மா முறுக்கி விடப்பட்டிருந்தது. இழுபட்டு அறுந்த ஒயரின் முனை பிசிறு பிசிறாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது. கட்டிங் பிளேயரால் வெட்டிய முனை. வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் எல்லாம் முடிந்த பிறகு, ஒன்றும் நடக்காதது போல ஒட்டியிருக்கிறார்கள்.

கரண்டின் விரல் அந்த முனையிலேயே நின்றுவிட்டது. காரணம் அந்த டேப் மட்டும் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இதே காருக்கு ஹாரன் மாட்டினார். அப்போது மாப்பிள்ளை பக்கத்தில் குந்திக்கொண்டு, "வைப்பருக்குன்னு தனி ஒயரா மச்சான்?" என்று கேட்டார். யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் கரண்டுக்குத் தலைகால் புரியாது. விரலை வைத்தே காட்டினார். "இந்தா, இந்த ஒண்ணுதான். இது போச்சுன்னா மழையில குருடன் ஓட்டுற மாதிரிதான்."

அவர் காட்டிய அதே இடத்தில்தான் வெட்டு இருந்தது.

படுத்தபடியே தலையைத் திருப்பினார். திறந்திருந்த கதவு வழியாக மாப்பிள்ளையின் செருப்பு தெரிந்தது. அசையாமல் நின்றது. எவ்வளவு நேரமாக நின்றதோ.

"என்ன மச்சான்… கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"லூஸ் கனெக்‌ஷன்" என்றார் கரண்ட். டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒயரைச் சால்டரிங் செய்து, கறுப்பு டேப் சுற்றினார். வைப்பர் கைகளைக் கழற்றித் திரும்ப மாட்டி, இரண்டு நட்டையும் முழு பலத்தோடு முறுக்கினார். மாப்பிள்ளையை உட்கார வைத்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டார். ஒழுங்காக ஓடியது. மூன்று இருபத்தெட்டு.

தங்கை குடையை மடக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

இந்த வண்டியில், இந்த ஆளோடு, இந்த மழையில் அவள் போகக் கூடாது. அவர் மண்டைக்குள் வேறு ஒன்றும் ஓடவில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வது? உன் புருஷன் கொலைகாரன், வழி காட்டியவன் நான் என்றா?

"நீ இறங்கு. ஒரு ரவுண்டு மழையில ஓட்டிப் பாக்காம நான் வண்டி குடுக்கிறதில்ல."

"நானும் வரேனே."

"இறங்குன்னு சொல்றேன்ல!"

அவர் தங்கையிடம் குரலை உயர்த்தியதை என் கடையிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன். அவள் முகம் சுருங்கி, ஷெட்டுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். கரண்ட் அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். அவள் காதில் விழாமல் மாப்பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

மூன்று முப்பத்தொன்றுக்கு வண்டி கிளம்பியது.

ஊரைத் தாண்டியதும் மழை வலுத்தது. முன்னால் போகிற வண்டி தெரியாத மழை. வைப்பர்கள் ஓடின. சரக்… சரக்… சரக்…

கரண்ட் பையிலிருந்த பழுப்பு டேப்பை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தார்.

"இது என்ன மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதானே மச்சான் காட்டிக் குடுத்தீங்க."

சரக்… சரக்…

சத்தம் மாறியது. கரண்ட் கண்ணாடியைப் பார்த்தார்.

மாப்பிள்ளை பக்கத்து வைப்பர் நின்றிருந்தது. நட்டுக்குத்தலாக, அவர் முகத்துக்கு நேரே.

கரண்ட் பக்கத்து வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் மோட்டார் ஒன்றுதான். இரண்டையும் இழுப்பது ஒரே கம்பிதான். நட்டு கழன்றிருந்தால் வைப்பர் சரிந்து கீழே விழும். இது விழவில்லை. யாரோ வெளியிலிருந்து விரலால் பிடித்து நிறுத்தியது போல நின்றது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை."

"பிரேக்… பிரேக்ல காலை வச்சிருக்கேன் மச்சான்…"

வண்டி வேகம் குறையவில்லை.

மணி மூன்று நாற்பத்திரண்டு.

உள்ளே ஈர வாசனை. நனைந்த துணி வாசனை. பின் சீட்டில் யாரோ உட்காருகிற சத்தம்… கிறீச்.

மாப்பிள்ளை மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"ஒட்டிட்டேண்ணே… திரும்ப ஒட்டிட்டேனேண்ணே…"

அவர் கரண்டிடம் பேசவில்லை.

கரண்ட் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

அவர் பக்கத்து முன்கண்ணாடி துடைத்து விட்டாற்போல் இருந்தது. ஒரு துளி இல்லை.

அதில் தெரிந்தது.

லாரி. ஓரமாக நின்றது. நீலத் தார்ப்பாய். இரண்டு சிவப்பு விளக்கில் ஒன்று எரியவில்லை. நம்பரைக்கூடப் படித்தார்.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பக்கம் வெறும் தண்ணீர்.

கத்தியிருக்கலாம். ஸ்டீயரிங்கை இழுத்திருக்கலாம். மூன்று எண்ணுகிற நேரம் இருந்தது.

கத்தவில்லை.

வாயில் ஒரு கை பொத்தியிருந்தது என்கிறார். பின்னாலிருந்து. ஈரமாக. ஜில்லென்று.

ஒன்று…

இரண்டு…

அப்புறம் அவருக்கு நினைவு வந்தபோது சுற்றிலும் சத்தமே இல்லை. கார் சாலை ஓரத்தில் நேராக நின்றுகொண்டிருந்தது. என்ஜின் அணைந்திருந்தது. இரண்டு வைப்பரும் கீழே தம் இடத்தில் படுத்திருந்தன. முன்னால் லாரி இல்லை. ஒன்றுமே இல்லை, வெறும் ரோடு. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தார். தொட்டுப் பார்த்தார். முடிந்திருந்தது. போலீசுக்கு அவர் போன் செய்தபோது மூன்று நாற்பத்தேழு.

காரில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடி உடையவில்லை. பம்பர் நசுங்கவில்லை. ஸ்டீயரிங் வளையவில்லை. மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் உடலை அறுத்துப் பார்த்த டாக்டர் போலீஸ்காரரைக் கூப்பிட்டு, இவர் எங்கே மோதினார் என்று கேட்டார். நெஞ்செலும்பு நொறுங்கியிருந்தது. பெரியவரை அறுத்ததும் இதே டாக்டர்தான். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். இரண்டிலும் அதே எலும்பு, அதே நொறுங்கல்.

கரண்ட் போலீசில் எல்லாவற்றையும் சொன்னார். டேப்பையும் சொன்னார், தான் ஒயரைக் காட்டியதையும் சொன்னார். தங்கையிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "பக்கத்துலதானேண்ணே இருந்தே? உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

"கண்ணாடி மறைச்சிருச்சும்மா" என்றார்.

இதை என்னிடம் சொன்ன அன்று நான் நேராகவே கேட்டேன். வாயைப் பொத்தியது நிஜமாகவே ஒரு கைதானா, இல்லை நீங்களாகவே பேசாமல் இருந்தீர்களா என்று. எதற்கெடுத்தாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற மனிதர், அதற்கு மட்டும் சத்தியம் செய்யவில்லை. எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

கண்ணாடி வழியாகப் படித்த லாரி நம்பரைப் போலீசில் கொடுத்தாரே, அதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் எழுதுகிற ரைட்டர் நம்பரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார். எழுந்து வாங்க என்று சொல்லி, ஸ்டேஷனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அந்த லாரி அங்கே நின்றது. நீலத் தார்ப்பாய். பெரியவர் மோதிய அன்று பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியதுதான், கேஸ் முடியவில்லை, ஒரு வருஷமாக அசையவில்லை என்றார் ரைட்டர். ஆறு டயரும் காற்றிறங்கித் தரையில் ஒட்டியிருந்தன. டயர்க்காரன் சொல்கிறேன், அந்த டயர் ஓர் அடி உருளாது. சக்கரத்துக்குள் கொடி ஏறிப் பூத்திருந்தது.

பின் பக்கம் போய்ப் பார்த்தோம். போன வருஷத்து நசுங்கல் இருந்தது, துரு ஏறி. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு நசுங்கல் இருந்தது. அதில் துரு இல்லை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, லாரி முழுக்கக் காய்ந்து கிடந்தது. அந்த நசுங்கலிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.