நாற்பத்தேழு வயதை ஒளித்துவைத்த கதை

பிறந்த வருடத்தை எழுதாமல் விட்டால் என் வயது யாருக்கும் தெரியாது என்று நம்பினேன். முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு சிரிப்பது உங்கள் பாடு.

இருபது வருடமாக நான் ஸ்டோர் கீப்பராக இருந்த தொழிற்சாலை, மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போவதாக அறிவித்தது. அப்போது நான் பகுதிநேரப் பட்டப்படிப்பின் கடைசி செமஸ்டரில் இருந்தேன். படிப்பு முடிகிற அதே மாதம் வேலையும் முடியும். அதற்குள் இன்னொரு வேலை கிடைத்தாக வேண்டும். என் மனைவியின் கிளினிக் சம்பளத்தை மட்டும் வைத்து எங்கள் வீடு ஓடாது. நிலைமையில் வேடிக்கை எதுவும் இல்லை. வேடிக்கையெல்லாம் என்னிடம்தான் இருந்தது.

"கடைசி செமஸ்டர்தானே, பாடம் கம்மி, சாவகாசமா வேலை தேடலாம்" என்று எல்லாரும் சொன்னார்கள். பாடம் கம்மிதான். அதை ஈடுகட்ட ஒரு குழு ஆய்வைத் தலையில் கட்டினார்கள். என் குழுவில் மூன்று பேர், பகலில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள். மூவரும் என்னை "அங்கிள்" என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்துக்கு ஐம்பது தடவை அங்கிள் ஆனால் மனிதனுக்கு என்ன ஆகும்? வேலை கொடுப்பவனுக்கும் அப்படித்தானே தோன்றும் என்ற பீதி வந்துவிட்டது.

ஒளிக்க ஆரம்பித்தேன். ரெசுமேயில் பள்ளி முடித்த வருடத்தைத் தூக்கினேன். 'இருபது வருட அனுபவம்' என்பதை 'நல்ல அனுபவம்' என்று சுருக்கினேன். பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணப் படத்திலிருந்து என் முகத்தை வெட்டி ஒட்டினேன். ஜொகூரில் பாசீர் கூடாங்கிலிருந்து பொந்தியான் வரை முப்பது கம்பெனிகளுக்கு அனுப்பினேன். ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டே மனைவி அந்த ரெசுமேயை வாங்கிப் பார்த்தாள்.

"என்னாங்க, போட்டோ ஓரத்துல யாரோட தோளு இது?"

"உன்னோடதுதான்."

"என்னைய வெட்டிட்டீங்க, பரவால்ல. மேல ஐசி நம்பர முழுசா போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?"

"போடணும்ல? இல்லாட்டி நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

கார்டு கொண்டுவராத நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "கவுண்டர்ல தினமும் அதப் பாத்துதான்லா நான் வயசு எழுதுறேன். முதல் ஆறு நம்பர் என்னா, சொல்லுங்க."

வருடம், மாதம், தேதி. இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அடையாள அட்டை எண் பிறந்த தேதியில்தான் தொடங்கும் என்று. பன்னிரண்டு வயதிலிருந்து சட்டைப்பையில் சுமக்கிற எண் அது. அதைத்தான் பெயருக்குக் கீழே, தடித்த எழுத்தில், முப்பது பேருக்கு அனுப்பியிருந்தேன்.

"அலமாக்" என்று தலையில் கைவைத்தேன்.

"அலமாக்கா? பொறந்தநாள் கேக் ஒண்ணுதான் நீங்க அனுப்பல."

இரண்டு நாளில் கெலாங் பாத்தாவில் ஒரு கிடங்கிலிருந்து அழைத்தார்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்காணல். அதே சனிக்கிழமை பத்து மணிக்குத்தான் எங்கள் குழு இணையத்தில் ஆய்வைப் படைக்க வேண்டும். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, அந்தத் தலைக்குச் சாயம் வாங்கப் போனேன்.

"தெரிஞ்சுதாங்க கூப்பிட்டிருக்காங்க" என்றாள் மனைவி.

"கணக்குப் போடத் தெரியாதவங்களா இருக்கலாம்ல?"

"அப்படிப்பட்ட கம்பெனில உங்களுக்கு என்னா வேலை?"

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிடங்கின் கார் நிறுத்துமிடத்தில் இருந்தேன். கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்து, சத்தம் கேட்கக் கூடாதென்று என்ஜினையும் அணைத்துவிட்டேன். ஏர்கோன் இல்லை. ஜொகூர் வெயிலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரக்கு நிர்வாகம் பற்றி எனக்கு ஆறு நிமிடம். நாலாவது நிமிடத்தில் குழுப் பெண் குறுக்கிட்டாள்.

"அங்கிள், உங்க நெத்தில என்னமோ ஓடுது. ரத்தமா?"

"ரத்தம் கறுப்பாவா இருக்கும்?" என்றான் இன்னொருவன். "அங்கிள் உருகுறாருலா!"

என்னைவிடப் பத்து வயது இளைய விரிவுரையாளர், வேண்டுமானால் சற்று ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று மிகுந்த கனிவோடு சொன்னார். அந்தக் கனிவுக்கு 'அங்கிள்' எவ்வளவோ தேவலை. பேசி முடித்துவிட்டு, டிஷ்யூவால் துடைத்தேன். நெற்றியில் இருந்தது கன்னம் வரை பரவியது. அப்படியே உள்ளே போனேன்.

நேர்காணல் செய்தவர் முப்பது வயதைக் கடந்த தமிழ்ப் பெண். ரெசுமேயைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"சார், உங்களுக்கு நாப்பத்தேழுதானே?"

"ஆமாங்க." மறைக்க இனி என்ன இருக்கிறது? மறைத்ததெல்லாம் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பின்ன எதுக்கு சார் இந்த மை? ஐசி நம்பரப் பாத்துதான் உங்களக் கூப்பிட்டோம். சின்ன வயசு ஆளுங்கள எடுத்தா, ஆறு மாசம் வேலை கத்துக்கிட்டு பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போயிடுறாங்க. நீங்க போவீங்களா?"

"என்னைய யாருங்க கூப்பிடப் போறா?"

"அந்த மாதிரி ஆளுதான் சார் எங்களுக்கு வேணும்."

என் நாற்பத்தேழு வருட வாழ்வில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் அவமானப்படுத்தியதில்லை. நன்றி சொன்னேன்.

பழைய தொழிற்சாலையில் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கெலாங் பாத்தாவில் சேர்ந்துவிட்டேன். ஆய்வுக்கு பி கிடைத்தது, பட்டமும் வந்தது. அந்தச் சான்றிதழை இன்றுவரை அங்கே யாரும் கேட்கவில்லை. ஐசி நகலை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள்.