நான்காவது நட்டு

கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்த ஒரு கோடையில், பந்தல்குடி ரோட்டில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த என் அப்பா ஒரு பந்தயப் படகு கட்டினார். எனக்குப் பத்து வயது. டீ குடிக்க இறங்கும் டிரைவர்கள், "கண்மாயில ஆடு மேயுது, ஓடம் யாருக்குண்ணே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

படகு என் சின்ன மாமாவுக்கு. அம்மா பிறந்தது கடற்கரையில். அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவில் பாய்மரப் படகுப் போட்டி உண்டு. முந்தின வருடம் காற்று ஓங்கி அடித்ததில், மாமாவின் படகில் பாய்மரத்தின் அடி தரைப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு இறங்கிவிட்டது. மாமா நெற்றி கிழிந்து, உடைந்த பலகை ஒன்றைப் பிடித்தபடி கரை சேர்ந்தார். அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

"பத்து டன் லோடு தாங்குற மாதிரி பாடி கட்டுறேன். ஒத்த மரத்தத் தாங்க வைக்க மாட்டனா?" என்றார் அப்பா. லாரிக்காரர் கடலுக்குப் படகு கட்டுவதில் பெரிய மாமாவுக்கு இளக்காரம்.

பாய்மரம் நிற்க வேண்டிய இடத்தில், படகின் விலாக்கட்டைகள் மூன்றைச் சேர்த்து அப்பா ஓர் இரும்புச் சட்டம் போட்டார். அதன்மேல் குழி வெட்டிய கருவேலங்கட்டை. மரத்தின் அடி அந்தக் குழியில் உட்காரும். கட்டையைச் சட்டத்தோடு பிடிக்க நான்கு போல்ட்டுகள். "நாலும் சேந்து பிடிச்சாத்தான் பிடி" என்பார். மூன்றை அவரே முடுக்கினார். நான்காவது, படகின் முன்பக்கத்தை மூடிய பலகைத் தட்டுக்கு அடியில் ஒரு சந்தில் இருந்தது. அவர் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது.

குப்புறப் படுத்து ஸ்பேனரைப் போட்டேன். நாலு சுற்றுக்குள் அது வழுக்கி, விரல் முட்டி பிய்ந்து ரத்தம் வந்தது. உள்ளே அடுப்பு மாதிரி வெக்கை.

"தாயி, இறுகிருச்சா?" அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

"இறுகிருச்சுப்பா."

போட்டியன்று படகுகள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றன. காற்று முந்தின வருடத்தைவிடக் கடுமையாக இருந்தது. அம்மா செபமாலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். மாமா பாயை விரித்ததும் மரம் லேசாகச் சாய்ந்தது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை. போட்டியைத் தொடங்கிவைக்கும் கொடி இறங்கப்போகிற நேரத்தில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அந்த நட்ட நான் முடுக்கல."

அவர் வேட்டியோடு தண்ணீருக்குள் ஓடினார். "மாப்ள, பாய எறக்கு! போகாத!"

மாமா பாயை இறக்கவும் கொடி இறங்கவும் சரியாக இருந்தது. மற்ற படகுகள் பறந்தன. அப்பா என்னைத் தூக்கிப் படகுக்குள் விட்டார். சந்துக்குள் கைவிட்டேன். நட்டு ஸ்பேனருக்கே காத்திருக்காமல் என் விரலோடு கழன்று வந்தது. அதை அப்பாவிடம் நீட்டினேன்.

கரையிலிருந்து பெரிய மாமா இறங்கி வந்தார். கூடவே பாதி ஊர். "என்ன மாப்ள இது? நட்டுகூட முடுக்காமலா ஆளக் கடலுக்கு அனுப்புவீக?"

அப்பா நட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். "என் தப்புதான். கடைசி நட்ட மறந்துட்டேன்."

"இதுக்குத்தான் லாரியோட நின்னுக்கணும்னு சொல்றது" என்றார் பெரிய மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டே போல்ட்டின் தலையை மேலிருந்து பிடித்தார். நான் அடியில் முடுக்கினேன். இந்த முறை கை வலிக்க வலிக்க முடுக்கினேன்.

போட்டி முடிந்தபின் சின்ன மாமா தனியாக ஒரு சுற்றுப் போய்வந்தார். அவ்வளவு காற்றிலும் மரம் அசையவில்லை. பார்க்கத்தான் ஆளில்லை, எல்லோரும் ஜெயித்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா என்னைத் திட்டவேயில்லை. தப்பித்தோம் என்று ஜன்னலோரம் சேமியா ஐஸ் தின்றுகொண்டு வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் நானும் அம்மாவும் மட்டும்தான் போனோம். சரியாக அந்த நாள் பார்த்து அப்பாவுக்கு அவசர வேலை ஏதாவது வந்துவிடும். என் அப்பாவுக்கு ஓய்வே கிடையாது, பட்டறையில் அவ்வளவு வேலை என்று மாமா பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.